கப்பலில் போய்வந்தவர் சொன்னார் என்றால், எந்தக் கேபினில் இருந்துகொண்டு சொன்னார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் சொகுசுக் கப்பல் சுற்றுலா பற்றி வந்த இரண்டு பக்கக் கட்டுரையைப் படித்தேன். படங்கள் நன்றாக இருந்தன. ஓரத்தில் 'பயணிகள் சொல்கிறார்கள்' என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தீர்களே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். "மறக்க முடியாத அனுபவம்" என்று ஒருவர், "சாப்பாடு பிரமாதம்" என்று ஒருவர், "கொடுத்த காசுக்கு மதிப்பில்லை" என்று இன்னொருவர். எந்தக் கப்பல், எந்த மாதம், யாரோடு போனார்கள் என்று எதுவும் இல்லை. குடும்பத்தோடு போனால் லட்ச ரூபாய் தாண்டுகிற செலவு. அதற்கு இந்த மூன்று வரிதான் சாட்சியா?

நான் வங்கியில் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவள். மனுவைப் படிக்கும் முன் மனு போட்டவர் யார் என்று பார்ப்பது அந்த நாற்காலி கற்றுக்கொடுத்த பழக்கம். கப்பல் விஷயத்திலும் அப்படித்தான் செய்தேன். திருச்சியிலிருந்து நேராக சிங்கப்பூருக்கு விமானம் இருப்பதால் எங்கள் பக்கத்தில் கப்பல் ஏறியவர்களுக்குப் பஞ்சமில்லை. பிள்ளையோ பெண்ணோ அங்கே வேலையில் இருப்பார்கள். அப்பா அம்மா போனால் பினாங்கு, புக்கெட் பக்கம் ஒரு சின்னக் கப்பல் பயணம் என்பது இப்போது வழக்கமாகிவிட்டது. அதனால் விளம்பரத் தாள்களை மூடி வைத்துவிட்டு, போய்வந்தவர்களைத் தேடித் தேடிக் கேட்டேன். என் கணவர் "நீ இன்னும் இன்டர்வியூ எடுத்துக்கொண்டுதான் இருக்கிறாய்" என்று கிண்டல் செய்தார். முழங்கால் ஆபரேஷன் ஆனவர் அவர். கேள்விகளில் பாதி அவருக்காகத்தான்.

எங்கள் தெருக்காரர் ஒருவர், "சாப்பாட்டுக்குக் குறையே இல்லை மாமி, இருபத்துநாலு மணி நேரமும் ஏதாவது ஒன்று திறந்திருக்கும்" என்றார். அவர் இறால் நண்டு சாப்பிடுகிறவர். கப்பலில் 'இந்திய உணவு உண்டு' என்றால் பெரும்பாலும் வடக்கத்திச் சமையல். பனீரும் தாலும் நான் ரொட்டியும். ரசம் கிடைக்குமா, தயிர் புளிக்காமல் இருக்குமா, சைவப் பண்டங்களுக்குக் கரண்டி தனியாகப் போட்டிருந்தார்களா என்றெல்லாம் கேட்டதற்கு அவரால் பதில் சொல்ல முடியவில்லை. அவர் ஏன் அதையெல்லாம் கவனித்திருக்க வேண்டும்? அதே கப்பலில் போன கீழ உத்திர வீதி மாமி ஒருவர் சொன்னது வேறு மாதிரி இருந்தது: "காலையில் பஃபேயில் இட்லி வைத்தார்கள். சாம்பார் இனித்தது. ராத்திரி வெறும் சாதமும் தயிரும் கேட்டால் தனியாகக் கொண்டுவந்து கொடுப்பார்கள், ஆனால் முதல் நாளே மேற்பார்வையாளரைப் பிடித்துச் சொல்லிவைக்க வேண்டும். சொல்லாவிட்டால் பனீர்தான்." கட்டுரை முழுவதிலும் எனக்குக் கிடைக்காத விவரம் இந்த நாலு வாக்கியத்தில் கிடைத்தது.

பாராட்டைவிடக் குறைகள்தான் எனக்கு அதிகம் உதவின. சென்னையில் ஐடி கம்பெனியில் இருக்கும் ஒரு பையன், ஒரு கப்பலைப் பற்றி முகம் சுளித்துக்கொண்டு சொன்னான்: "ஆன்ட்டி, பத்தரை மணிக்கு மேல் அந்தக் கப்பலே தூங்கிப் போய்விடும். எங்கு பார்த்தாலும் வயசானவங்க." அந்தக் கப்பலின் பெயரை உடனே குறித்துக்கொண்டேன். இன்னொருவர், நீச்சல் குளத்தில் குழந்தைகள் கூச்சல் தாங்கவில்லை என்றார். பேரன் பேத்தியோடு போகிறவர்களுக்கு இதைவிட நல்ல சிபாரிசு வேண்டுமா? கேசினோ சின்னது என்று ஒருவர் வருத்தப்பட்டார். எங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

வேறொருவருக்கு, கப்பல் கிளம்பும் முன் பாதுகாப்புப் பயிற்சி என்று எல்லோரையும் கூப்பிட்டு நேரத்தை வீணாக்கிவிட்டார்களாம். 2012 ஜனவரி 13 இரவு இத்தாலியின் ஜிலியோ தீவருகே 'கோஸ்டா கொன்கோர்டியா' பாறையில் மோதிச் சாய்ந்ததே, 32 பேர் இறந்தார்களே, அந்தக் கப்பலில் அன்று மாலை ஏறிய பல நூறு பேருக்குப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. ஏறியவர்களுக்கு 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்று அப்போது விதி. அதற்குப் பிறகுதான், 2015 முதல், கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ நடத்தியாக வேண்டும் என்று சர்வதேச விதியை மாற்றினார்கள். பயிற்சியில் கறாராக இருந்தார்கள் என்று யாராவது குறைபட்டால் நான் அந்தக் கப்பலுக்கு ஒரு மதிப்பெண் கூட்டிப் போடுவேன்.

யாரோடு சேர்ந்து பயணம் செய்யப்போகிறோம் என்பதையும் யாரும் கேட்பதில்லை. இரும்பும் கண்ணாடியும் மாறுவதில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை கிளம்பும் கப்பலும் வார நடுவில் கிளம்பும் அதே கப்பலும் ஒன்றல்ல. வார இறுதிப் பயணத்தில் சிங்கப்பூரின் இளவட்டங்கள் நிறைந்திருப்பார்கள். ஜூனிலும், நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் முழுக்கவும் அங்கே பள்ளி விடுமுறை. நம்மூர் மே மாத விடுமுறையில் நம்மவர்கள் கூட்டம். இதெல்லாம் காலண்டரைப் பார்த்தால் தெரியும். காலண்டரில் தெரியாத ஒன்று உண்டு: டீலர் டூர். சிமெண்டோ பெயிண்டோ விற்கும் கம்பெனிகள் இலக்கை எட்டிய டீலர்களை நூற்றுக்கணக்கில் கப்பலில் அழைத்துப் போகின்றன. எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி அப்படி ஒரு கூட்டத்தின் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். மேல்தளத்தில் நள்ளிரவு வரை பாட்டு, பஃபே வாசலில் வரிசை, லிஃப்டில் இடமில்லை. அவர்களைக் கேட்டால் அந்தக் கப்பலே மோசம். போன டீலரைக் கேட்டால் அதைவிட நல்ல கப்பல் உலகத்தில் கிடையாது. இருவரும் பொய் சொல்லவில்லை. முன்பதிவு செய்யும்போதே "அந்தத் தேதியில் பெரிய குழு ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்கலாம். டிராவல் ஏஜென்ட் தெரியாது என்பார். விசாரித்துச் சொல்லுங்கள் என்று விடாமல் நிற்க வேண்டும்.

கேபினைத் தேர்ந்தெடுப்பதில் போய்வந்தவர் வார்த்தைக்கு ஈடு எதுவும் இல்லை. விளம்பரத்தில் எல்லாக் கேபினும் ஒரே மாதிரி வெளிச்சமாக இருக்கும். நீச்சல் குளம் இருக்கும் தளத்துக்கு நேர் கீழே கேபின் கிடைத்தால் விடியற்காலையில் தலைக்கு மேல் நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம். அரங்கத்துக்கு மேலே கிடைத்தால் ராத்திரி டிரம்ஸ். முன்பக்கக் கீழ்த்தளம் என்றால், துறைமுகத்தில் கப்பலைப் பக்கவாட்டில் ஒதுக்குவதற்காக அடியில் இருக்கும் உந்திகளை ஓட்டும்போது கட்டிலே அதிரும், அதுவும் தூங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில். பக்கத்து அறைக்கு இடைக்கதவு இருக்கும் கேபின் குடும்பத்துக்கு வசதி. அந்நியர் பக்கத்தில் இருந்தால் அவர்கள் தொலைக்காட்சியில் பார்ப்பதை நாமும் கேட்டாக வேண்டும். இவை அத்தனையும் தூக்கம் கெட்டவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். முழங்கால் வலிக்காரருக்கு இன்னொன்று: பெரிய கப்பல்கள் 300 மீட்டருக்கு மேல் நீளம். கேபின் ஒரு கோடியிலும் சாப்பாட்டுக்கூடம் மறுகோடியிலும் இருந்தால் ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் ஒரு நடை. ஆட்டமும் நடுவில்தான் குறைவு, அதிலும் கீழ்த்தளங்களில். குறைந்த கட்டணம் என்று 'கேபின் எண்ணை நாங்களே ஒதுக்குவோம்' என்கிற திட்டத்தில் சேர்ந்தால் இதில் எதையும் நாம் தேர்ந்தெடுக்க முடியாது.

"ஆட்டமே தெரியவில்லை" என்று சொல்பவரிடம் எந்தக் கடல், எந்த மாதம் என்று கேளுங்கள். மலாக்கா நீரிணை இரண்டு பக்கமும் நிலம் அணைத்த கடல். பெரும்பாலும் அமைதியாக இருக்கும். அந்த அனுபவத்தை நம்பி மழைக்காலத்து வங்கக்கடலில் ஏறினால் வாந்திக்குப் போடும் அவோமின் மாத்திரைதான் துணை.

எங்கள் மாமா ஒருவர், அம்மாவின் அண்ணா, நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' ஏறி பினாங்குக்குப் போனவர். 1926இல் கட்டிய கப்பல். ஒரு காலத்தில் ஐயாயிரம் பேருக்கு மேல் டெக் பயணிகளை ஏற்ற அனுமதி பெற்றிருந்தது. கேபினா, பால்கனியா? பாயை விரிக்க எங்கே இடம் என்பதுதான் கேள்வி. முன்னால் போய்வந்தவர்கள் அவருக்குச் சொல்லி அனுப்பினார்களாம்: சமையற்கட்டுப் பக்கம் போகாதே, புகை, எஞ்சின் பக்கம் போகாதே, சூடு, காற்று அடிக்காத பக்கமாகப் பார்த்து முதலில் ஏறி இடம் பிடி. ஆட்டம் அதிகம் என்றும் ஆட்டம் இல்லை என்றும் யாரும் சொன்னதாக அவர் சொல்லிக் கேட்டதில்லை. உபயோகமானதை மட்டும் சொல்லியிருக்கிறார்கள்.

ஊர்ப் பெயர்கள் விஷயத்தில் விளம்பரங்கள் தைரியமாகவே பேசுகின்றன. பயணத்திட்டத்தில் 'கோலாலம்பூர்' என்று போட்டிருக்கும். கப்பல் நிற்பது போர்ட் கிளாங்கில்; அங்கிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல். 'பாங்காக்' என்றால் லேம் சபாங், இரண்டு மணி நேரம் ஆகும். ஐரோப்பாவில் 'ரோம்' என்று இருந்தால் சிவிட்டாவெக்கியா, சுமார் 80 கிலோமீட்டர். காலையில் இறங்கி மாலையில் ஏற வேண்டிய பயணிக்கு மிஞ்சுவது எவ்வளவு என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். எங்கள் ஊர் ஏஜென்ட் ஒருவர் "பெட்ரோனாஸ் கோபுரத்தை நிதானமாகப் பார்க்கலாம்" என்றார். போய்வந்தவர் "பேருந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன்" என்றார். பினாங்கு இதற்கு நேர்மாறு. ஸ்வெட்டன்ஹாம் துறையில் இறங்கினால் ஜார்ஜ் டவுனின் லிட்டில் இந்தியாவுக்கு நடந்தே போகலாம். குயின் ஸ்ட்ரீட் மகாமாரியம்மன் கோயில், 1833இல் கட்டியது, அங்கேதான் இருக்கிறது. சுற்றுலாப் பேருந்துக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டிய அவசியமே இல்லை. கப்பலில் அந்தப் பேருந்துக்குச் சீட்டு விற்பவர் இதைச் சொல்ல மாட்டார்.

புக்கெட்டில் பெரிய கப்பல்கள் பலவும் பட்டோங் விரிகுடாவில் நங்கூரமிட்டுவிட்டு, பயணிகளைச் சிறு படகில் கரைக்கு அனுப்புகின்றன. மே முதல் அக்டோபர் வரை அந்தப் பக்கம் அலை அதிகம். கப்பலும் ஆடி படகும் ஆடும்போது இரண்டுக்கும் நடுவில் காலைத் தூக்கி வைக்க வேண்டும். முட்டி சரியில்லாதவரோடு போகிற எவருக்கும் முதலில் தெரிய வேண்டியது இது. எந்த விளம்பரத்திலும் நான் பார்க்கவில்லை. தன் தாயாரைக் கப்பலிலேயே விட்டுவிட்டு இறங்க வேண்டிவந்த ஒரு பெண் சொல்லித்தான் தெரிந்தது. துறைமுகத்தைத் தவறவிடுவதும் உண்டு. வானிலை காரணமாகக் கேப்டன் ஒரு ஊரைத் தாண்டிப் போனால் பெரும்பாலும் துறைமுகக் கட்டணம் மட்டும்தான் திரும்பி வரும். 2022 ஜூனில் சென்னையிலிருந்து சொகுசுக் கப்பல் தொடங்கியபோது புதுச்சேரியில் அனுமதி கிடைக்காமல் போனது வாசகர்களுக்கு நினைவிருக்கும்.

அந்தக் கப்பலையே எடுத்துக்கொள்ளுங்கள். கார்டீலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' 1990இல் 'நோர்டிக் எம்ப்ரஸ்' என்ற பெயரில் ராயல் கரீபியன் நிறுவனத்துக்காக வந்தது. இப்படிப் பெயரும் முதலாளியும் மாறிய கப்பலைப் பற்றிப் பத்து வருடத்துக்கு முந்தைய பயணி எழுதியதை இன்று படித்து என்ன பயன்? சிங்கப்பூரில் பலருக்கும் தெரிந்த 'கென்டிங் ட்ரீம்' 2016இல் வந்தது. அதை நடத்திய நிறுவனம் 2022இல் திவாலாகி, அதே ஆண்டு வேறு நிறுவனத்தின் கீழ் மறுபடி ஓடத் தொடங்கியது. இரும்பு அதே, சமையல்காரர் வேறு. பெயர் மாறாத கப்பலும் ஐந்தாண்டில் இரண்டு முறையாவது அடிப்பாகச் சோதனைக்கு நிற்க வேண்டும்; தண்ணீரை விட்டு வெளியே ஏற்றிப் பழுதுபார்க்கும் உலர்துறைக்குப் போய்வரும் சாக்கில் கம்பளத்திலிருந்து உணவகம் வரை மாற்றிவிடுவார்கள். அதனால் ஓரிரு ஆண்டுக்கு முந்தைய அனுபவத்தை நான் காதில் வாங்கிக்கொள்வேன், கணக்கில் சேர்க்க மாட்டேன்.

பயணிக்குத் தெரியவே வாய்ப்பில்லாத விஷயங்களும் இருக்கின்றன. சமையலறைச் சுத்தம் அதில் ஒன்று. "ரொம்ப சுத்தம்" என்று ஒருவர் சொல்வது அவருடைய மேசை விரிப்பைப் பற்றித்தான். அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வெளிநாட்டிலிருந்து வரும் கப்பல்களை அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையம் 1975 முதல் சோதித்து நூற்றுக்கு மதிப்பெண் போடுகிறது. 86 வாங்கினால்தான் தேர்ச்சி, முடிவுகள் எல்லோரும் பார்க்கும்படி வெளியாகின்றன. அலாஸ்காவுக்கோ கரீபியனுக்கோ போகிறவர்கள் பயணிகளின் பேச்சை விட்டுவிட்டு அதைப் பார்க்கலாம். நெரிசலும் அப்படித்தான், ஓரளவு. மொத்த டன்னைப் பயணிகள் எண்ணிக்கையால் வகுத்தால் ஆளுக்கு எவ்வளவு இடம் என்று தோராயமாகத் தெரியும். (இந்த டன் எடை அல்ல, கப்பலின் உள்ளளவு.) 2024 ஜனவரியில் உலகிலேயே பெரிது என்று ஓடத் தொடங்கிய 'ஐகான் ஆஃப் தி சீஸ்' 2,48,663 டன், கேபினுக்கு இருவர் என்ற கணக்கில் 5,610 பயணிகள். வகுத்தால் 44. 'குயின் மேரி 2' 1,49,215 டன்தான், ஆனால் பயணிகள் 2,691 பேர், 55 வருகிறது. எங்கள் வங்கிக் கணக்குக்கு இந்த இரண்டும் எட்டாது என்பது வேறு விஷயம்.

செலவைப் பற்றிக் கேட்டால் எல்லோரும் டிக்கெட் விலையைச் சொல்கிறார்கள். கடைசி நாள் காலையில் கேபின் கதவுக்கடியில் வந்த பில் எவ்வளவு என்று கேளுங்கள். பல கப்பல்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 15 முதல் 20 அமெரிக்க டாலர் டிப்ஸ் தானாகவே ஏறும். வைஃபை தனி. பாட்டில் குளிர்பானம் தனி. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் சிங்கப்பூர் விசா பலமுறை நுழைவதற்கானதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கப்பலில் வெளியே போய்த் திரும்பி வருவது இரண்டாம் நுழைவு. அங்கே கப்பல் நிலையங்களும் இரண்டு, மெரினா பே ஒன்று, ஹார்பர்ஃப்ரன்ட் ஒன்று. டாக்சியில் ஏறி "கப்பல் துறை" என்று மட்டும் சொன்னால் போதாது.

ஆகவே ஐயா, அடுத்த முறை 'பயணிகள் சொல்கிறார்கள்' என்று கட்டம் கட்டும்போது வியப்புக்குறிகளைக் குறைத்து, சொல்பவரின் வயது, போன மாதம், கிளம்பிய கிழமை, கேபின் இருந்த தளம், உடன் வந்தவர்கள், டிக்கெட்டுக்கு மேல் கட்டிய தொகை, இவற்றை வாங்கிப் போடுங்கள். கப்பல் நன்றாக இருந்ததா என்பதை நாங்களே ஊகித்துக்கொள்வோம். என்னுடையதை இங்கேயே தருகிறேன். எந்தக் கப்பல் என்பதைத் தங்களுக்குத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன்.

வயது 66. கணவருக்கு 71, முட்டி ஆபரேஷன் ஆனவர். பிப்ரவரி மாதம், வார நடுவில் சிங்கப்பூரில் கிளம்பியது. நடுப்பகுதி, எட்டாம் தளம், ஜன்னல் மட்டும், பால்கனி இல்லை. லிஃப்டுக்கு இருபது அடி. மேலும் கீழும் கேபின்கள்தான், சத்தம் இல்லை. பினாங்கில் நடந்தே சுற்றினோம். புக்கெட்டில் படகு, கைப்பிடித்து இறக்க இரண்டு சிப்பந்திகள் நின்றார்கள், அவர் இறங்கினார், திரும்பி ஏறும்போதுதான் சிரமப்பட்டார். தயிர் சாதம் சொன்னால் கிடைத்தது. காபி குடிக்க முடியவில்லை. இன்ஸ்டன்ட் பொடி கொண்டுபோயிருந்தோம், கேபினில் வெந்நீர் கெட்டில் இருந்தது. ராத்திரி நிகழ்ச்சிகள் எங்களுக்குப் புரியவில்லை, ஒன்பது மணிக்கே படுத்துவிட்டோம். பக்கத்து மேசைக்கு மலேசியத் தமிழ்க் குடும்பம் ஒன்று வந்தது, நல்ல பேச்சுத்துணை. டிக்கெட்டுக்கு மேல் இருவருக்கும் சேர்த்து ஏறியதில் பாதிக்கு மேல் டிப்ஸ். மறுபடி போவீர்களா என்றால், அதே கேபின் கிடைத்தால் போவோம்.

எங்களோடு வந்த சம்பந்தி மாமிக்கு இந்தக் கப்பல் துளியும் பிடிக்கவில்லை. அவருக்குக் கேபின் பன்னிரண்டாம் தளத்தில், பின்கோடியில். அவரும் தங்களுக்கு எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார். வந்தால் இதற்குப் பக்கத்திலேயே போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்,
திருவரங்கம்.